விரைவுச் சீட்டா, மெய்நிகர் வரிசையா, விடியற்காலைப் பயணமா? குளுவாங்கிலிருந்து ஒரு கணக்கு

பள்ளி விடுமுறை நெருங்கினால், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கின் செம்பனைத் தோட்டங்களிலும் நகரத்துக் குடியிருப்புத் தாமான்களிலுமாகப் பரவியிருக்கும் எங்கள் உறவுக் கூட்டத்தில் ஒரே பேச்சுதான் ஓடும். இந்த முறை எந்தக் கேளிக்கைப் பூங்கா: சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸா, கெந்திங் மலையின் ஸ்கைவோர்ல்ட்ஸா, இல்லை பக்கத்திலேயே இஸ்கந்தார் புத்ரியில் இருக்கும் லெகோலேண்டா? இடம் முடிவானதும், வரிசையைத் தாண்டிப் போகும் விரைவுச் சீட்டையும் வாங்க வேண்டுமா, அது உண்மையில் வேலை செய்கிறதா, இல்லை பணத்தைப் பிடுங்கும் வழியா என்ற விவாதம் தொடங்கிவிடும். செந்தோசாவுக்குப் பணம் கொடுத்து வாங்கியும், கெந்திங்கில் செயலி வழியாகப் பதிந்தும் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் ஊரிலிருந்து விடுமுறை நாளில் போகிறவர்களுக்கு, ஒவ்வொரு சவாரிக்கும் ஒருமுறை மட்டும் செல்லும் விரைவுச் சீட்டே மற்ற வழிகளைவிட நல்லது. ஆனால் அதைப் பெரும்பாலோர் பயன்படுத்தும் விதத்தில் பயன்படுத்தினால் பாதிப் பணம் வீண்தான்.

விலையைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. செந்தோசாவில் விரைவுச் சீட்டு நுழைவுச் சீட்டோடு சேர்ந்ததன்று. தனியாக வாங்க வேண்டும். கூட்டத்துக்கு ஏற்ப அதன் விலை ஏறும், இறங்கும். நெரிசல் மிகுந்த நாள்களில் அது நுழைவுச் சீட்டின் விலையைத் தொட்டுவிடுவதும் உண்டு. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்கும் நமக்கு அது எப்படி இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சீட்டுகள் என்ன செய்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால்தான் ஒப்பிட முடியும். எந்தச் சீட்டும் சவாரியில் புதிதாக ஓர் இருக்கையைக்கூட உண்டாக்குவதில்லை. இருக்கும் இருக்கைகளை யாருக்கு முதலில் கொடுப்பது என்பதை மட்டுமே அது மாற்றுகிறது. மணிக்கு ஆயிரம் பேரை ஏற்றும் ஒரு சவாரியில் உங்களுக்கு முன்னால் ஐந்நூறு பேர் நின்றால், அரை மணி நேரத்தில் உங்கள் முறை வந்துவிடும். இரண்டு வரிசைகளும் சேரும் இடத்தில் நிற்கும் ஊழியர், பத்து இருக்கைகளில் ஆறை விரைவு வரிசைக்கு ஒதுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொது வரிசைக்கு மணிக்கு நானூறு இருக்கைகள்தான் மிஞ்சும். அதே ஐந்நூறு பேருக்குப் பின்னால் நிற்பவர் எழுபத்தைந்து நிமிடம் காத்திருப்பார். இது விளக்கத்துக்காக நான் போட்ட கணக்கு. விகிதம் பூங்காவுக்குப் பூங்கா, நேரத்துக்கு நேரம் மாறும். ஆனாலும் நுழைவாயில் பலகையில் காட்டும் காத்திருப்பு நேரத்தில் ஒரு பங்கு, சீட்டு வாங்கியவர்களால் வந்தது என்பது உறுதி.

இதே காரணத்தால், எல்லாருக்கும் கொடுக்கப்படும் விரைவுச் சீட்டு யாருக்கும் விரைவைத் தருவதில்லை. டிஸ்னி 1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்ற முறையைக் கொண்டுவந்தபோது அது இலவசம்; பூங்காவுக்குள் வந்தவர் எவரும் இயந்திரத்தில் நேரம் குறித்த சீட்டை எடுத்துக்கொண்டு, அந்த நேரத்தில் திரும்பி வரலாம். பழனியிலும் திருப்பதியிலும் சிறப்புத் தரிசனச் சீட்டு வாங்கியும் மணிக்கணக்கில் நின்றவர்களுக்கு அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. புளோரிடா, கலிபோர்னியா பூங்காக்களில் 2021இல் அது கட்டண முறையாக மாறியது. 2024 ஜூலையில் லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்று பெயரும் மாறியது. தோக்கியோ டிஸ்னியும் 2022இல் கட்டண முறைக்கு வந்தது. வாங்குவோர் எண்ணிக்கையை விலை கட்டுப்படுத்தும்போதுதான் இந்த ஏற்பாடு உயிரோடு இருக்கிறது. கசப்பான உண்மைதான், ஆனால் மறுக்க முடியவில்லை.

மெய்நிகர் வரிசையின் கதை வேறு. 2022 பிப்ரவரி 8இல் திறக்கப்பட்ட கெந்திங் ஸ்கைவோர்ல்ட்ஸ், கைத்தொலைபேசிச் செயலியில் பெயரைப் பதிந்து, முறை வரும்போது சவாரிக்குப் போகும் ஏற்பாட்டுடன் தொடங்கியது. கால் வலிக்க நிற்க வேண்டியதில்லை, அந்த நேரத்தில் சாப்பிடலாம், பாட்டியை உட்கார வைக்கலாம் என்பதெல்லாம் உண்மையான நன்மைகள். ஆனால் காத்திருப்பு குறைவதில்லை; நிற்கும் இடம் மட்டும் மாறுகிறது. இத்தகைய முறைகளில் ஒரே நேரத்தில் பல சவாரிகளுக்குப் பெயர் கொடுக்க முடியாதபடி பொதுவாகக் கட்டுப்பாடு இருக்கும் என்பதால், ஒன்றை முடித்தால்தான் அடுத்ததற்குப் பதிய முடியும். போதாக்குறைக்கு, செயலியைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒருவர் வேண்டும். எங்கள் குடும்பத்தில் அந்த வேலை அண்ணிக்குப் போனது. அன்று முழுவதும் அவர் மலையைப் பார்த்ததைவிடத் திரையைப் பார்த்ததே அதிகம்.

தனியாள் வரிசை இலவசம். காலியாக மிஞ்சும் ஒற்றை இருக்கையை நிரப்புவதற்காக அமைந்தது. செந்தோசாவில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் போன்ற சவாரிகளில் அதைக் காணலாம். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. எட்டு வயதுப் பிள்ளையை முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார வைக்க மனம் வராத பெற்றோருக்கு இது உதவாது.

நான்காவது வழி, செலவில்லாத வழி, கதவு திறக்கும் முன்பே போய் நிற்பது. செந்தோசாவின் பூங்கா வழக்கமாகக் காலை 10 மணிக்குத் திறக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் பெரிய சவாரிகள் இரண்டு மூன்றை நெரிசலின்றி முடித்துவிடலாம். கோலாலம்பூர்க்காரருக்குக் கெந்திங்கிலும், சிங்கப்பூர்க்காரருக்குச் செந்தோசாவிலும் இது எளிது. குளுவாங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல். அதற்குப் பிறகு சிங்கப்பூருக்குள் போக, ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் பாலத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. 1998இல் திறக்கப்பட்ட துவாஸ் வழியான இரண்டாவது பாலம் இருந்தாலும், விடுமுறை நாளில் அங்கேயும் வண்டிகள் தேங்குகின்றன. விடியற்காலை நான்கு மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி வேனில் ஏற்றினாலும், பத்து மணிக்குக் கதவருகே நிற்போம் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கடப்பிதழ்ச் சோதனைக்கு விரைவுச் சீட்டு விற்பவர் இன்னும் யாரும் வரவில்லை.

முன்பு நம்மிடம் ஒரு வசதி இருந்தது. 2014 முதல் 2024 முடிய ஜொகூரின் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை சிங்கப்பூரில் வேலை நாள் என்பதால், ஜொகூர்க் குடும்பங்கள் அன்று போய்க் குறைந்த கூட்டத்தில் சுற்றிவிட்டு வர முடிந்தது. 2025 ஜனவரி 1 முதல் நமக்கும் சனி, ஞாயிறு என்றானதும் அந்த வாசல் மூடிக்கொண்டது. சம்பள விடுப்பு எடுத்து வேலை நாளில் போக முடிந்தவர்களுக்கு விரைவுச் சீட்டே வேண்டாம் என்பேன். மற்றவர்கள் எல்லாரோடும் சேர்ந்துதான் போக வேண்டியிருக்கிறது.

ஆகவே தீர்மானிக்க வேண்டியது, பூங்காவுக்குள் நமக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்பதே. அந்தக் கணக்கை இந்த வட்டாரத்தில் கடைசியாகக் கலைப்பது மழை. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 150 நாள்களுக்கும் மேல் இடி இடிக்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மழை ஏறக்குறைய வழக்கம். டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று நாள் முழுதும் நனைத்துவிடும். மின்னல் அபாயம் என்றதும் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்துவார்கள்; அது பாதுகாப்புக்காக என்பதால் எந்தச் சீட்டுக்கும் அங்கே செல்வாக்கு இல்லை. பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற இரட்டை ரோலர் கோஸ்டர் நின்றுவிடும். அதற்காகக் காத்திருந்தவர்களும் மழைக்கு ஒதுங்கியவர்களும் கூரைக்குள் ஓடும் டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கும் மம்மி ரோலர் கோஸ்டருக்கும் படையெடுப்பார்கள். நாளிலேயே மிக நீண்ட வரிசையை அப்போதுதான் காணலாம்.

விரைவுச் சீட்டு தன் விலையை ஈட்டிக்கொடுப்பது இந்த நேரத்தில்தான். ஆனால் பெரும்பாலோர் உள்ளே நுழைந்த உற்சாகத்தில், காலையிலேயே கூரைக்குள் இருக்கும் புகழ்பெற்ற சவாரியில் அதைச் செலவழித்துவிடுகிறார்கள். வரிசை இருபது நிமிடமாக இருக்கும்போது பயன்படுத்தி, எண்பது நிமிடமாகும்போது கையை விரிக்கிறார்கள். நாங்கள் செய்தது இதற்கு நேர்மாறானது. வெயில் இருக்கும்வரை திறந்தவெளிச் சவாரிகளுக்குப் போனோம். வரிசை நீண்டிருந்தால் மட்டும் அங்கே சீட்டைக் காட்டினோம். கூரைக்குள் உள்ளவற்றுக்கான உரிமையைத் தொடாமல் வைத்திருந்து, வானம் கறுத்த பிறகு பயன்படுத்தினோம். மழை வராத நாளிலும் இந்தத் திட்டத்தால் நட்டமில்லை, ஏனென்றால் பிற்பகலில் வரிசைகள் எப்படியும் நீளும்.

நேரம் குறிக்கப்படாத ஒருமுறைச் சீட்டு, நேரம் குறிக்கப்படும் மெய்நிகர் வரிசையை வெல்வதும் இதனால்தான். மூன்று மணிக்கு முறை கிடைத்து, மூன்று மணிக்கு இடி இடித்தால், அந்த முறையை எப்படிச் சரிக்கட்டுவது என்பது பூங்காவின் விருப்பத்தைப் பொறுத்தது. டிஸ்னியில் குறித்த நேரத்தில் சவாரி நின்றுபோனால் வேறொன்றில் பயன்படுத்த வழி வைத்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் அதை எதிர்பார்க்க முடியாது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கெந்திங்கில் மூடுபனியும் சேர்ந்துகொள்கிறது. அங்கே நாங்கள் போன நாளில் பிற்பகல் முழுவதும் மேகம் இறங்கியிருந்ததால், தெளிந்த நாளில் அந்த ஏற்பாடு இன்னும் சீராக ஓடக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம் என்னும் அன்லிமிட்டட் சீட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே ரோலர் கோஸ்டரில் திரும்பத் திரும்ப ஏற ஆசைப்படும் இளைஞர்களுக்கு அது பொருந்தலாம்; மதியத்துக்குப் பிறகு நிழல் தேடும் குடும்பத்துக்கு வேண்டாம். லெகோலேண்டைப் பொறுத்தவரை, 2012இல் திறந்த அந்தப் பூங்காவின் சவாரிகள் பெரும்பாலும் சிறு பிள்ளைகளுக்கானவை. நாங்கள் கூட்டமான நாளில் அங்கே போனதில்லை என்பதால் என் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பாலம் கடக்காமல் காலையிலேயே போய்ச் சேர முடிகிற இடத்துக்கு இரண்டாவது சீட்டு எதற்கு என்றுதான் தோன்றுகிறது.

வாங்குவதாக இருந்தாலும் வேனில் இருக்கும் எல்லாருக்கும் வாங்க வேண்டியதில்லை. முதலில் பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். செந்தோசாவில் டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 சென்டிமீட்டர், மம்மிக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125 என்று குறைந்தபட்ச உயரம் உண்டு. 110 சென்டிமீட்டர் இருக்கும் பிள்ளைக்கு விரைவுச் சீட்டு வாங்கினால், இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் அது உதவும். தலைசுற்றல் என்று ஏற மறுக்கும் மாமாவுக்கும், பைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் நுழைவுச் சீட்டே போதும். ரோலர் கோஸ்டரில் ஏறப்போகும் பெரிய பிள்ளைகளுக்கும், அவர்களோடு போக ஒரு பெரியவருக்கும் மட்டும் விரைவுச் சீட்டை வாங்குங்கள்; பணம் கட்டும் முன், அந்த நாளில் பராமரிப்புக்காக மூடப்படும் சவாரிகளின் பட்டியலைப் பூங்காவின் இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.