தொட்டால் அசையும் அரூப ஓவியம்: பிராசஸிங்கா, பி5.ஜேஎஸ்ஸா?

விரலை வைத்தால் புள்ளிகள் விலகி ஓடும். எடுத்தால் மெல்லத் திரும்பி வந்து பழைய ஓட்டத்தில் சேர்ந்துகொள்ளும். அதில் முகமோ மரமோ தெரியாது. கோடும் நிறமும் அசைவும் மட்டும்தான். இந்த மாதிரி அரூப ஓவியங்களைச் சின்ன நிரல்களாக எழுதுவது எனக்குப் பல வருடப் பழக்கம். முதலில் கணினியில் படம் வரைவதற்கான நிரல் கருவியான பிராசஸிங்கில் எழுதினேன், இப்போது பெரும்பாலும் உலாவிக்குள் ஓடும் அதன் உறவான பி5.ஜேஎஸ்ஸில். போன மாதம் பழைய படம் ஒன்றை எடுத்து இரண்டிலும் புதிதாக எழுதிப் பார்த்தேன். தொடங்கப் போகிறவர்கள் எதை எடுப்பது என்று கேட்கும்போதெல்லாம் அரைகுறையாகச் சொல்லி வந்ததை இங்கே முழுதாகச் சொல்கிறேன். நான் பி5 பக்கம் சாய்ந்தவன். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

மற்றக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. கட்டளைத் துண்டுகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் சிறுவர்களுக்கு அருமையான தொடக்கம். ஆனால் அதன் மேடை 480க்கு 360 பிக்சல், உருவங்களின் நகல்கள் 300க்கு மேல் போகாது. புள்ளிக் கூட்டம் கேட்கும் படத்துக்கு அது போதாது. டச்டிசைனரில் நிரல் எழுதாமலே பெட்டிகளை இணைத்துப் பெரிய காட்சிகளைச் செய்யலாம், ஆனால் அதை 'எளிய நிரல்' என்று சொல்ல முடியாது. ஓப்பன்ஃபிரேம்வொர்க்ஸ் மின்னல் வேகம்; சி பிளஸ் பிளஸ் தெரிந்திருக்க வேண்டும். சரி, மிஞ்சுவது இரண்டுதான்.

இந்த இரண்டும் ஒரே குடும்பம். ஜான் மேடா 1999இல் எம்ஐடியில் 'டிசைன் பை நம்பர்ஸ்' என்ற சின்ன மொழியை வெளியிட்டார். அதன் திரை 100க்கு 100 புள்ளிதான், நிறமும் கிடையாது, சாம்பல் சாயல்கள் மட்டும். அவருடைய மாணவர்களான கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் அந்த எண்ணத்தைப் பெரிதாக்கி 2001இல் பிராசஸிங்கைத் தொடங்கினார்கள். அடியில் இருப்பது ஜாவா என்ற நிரல் மொழி. அதே எண்ணத்தை உலாவிக்குள் கொண்டுபோனால் எப்படி இருக்கும் என்று லாரன் மெக்கார்த்தி 2013இல் தொடங்கியது பி5.ஜேஎஸ். அதன் 1.0 பதிப்பு 2020இல் வந்தது.

அதனால் இரண்டின் எலும்புக்கூடும் ஒன்று. செட்டப் என்ற பகுதி ஒரு முறை ஓடும், டிரா என்ற பகுதி நொடிக்கு ஏறத்தாழ 60 முறை ஓடும். திரை, நிறம், தொடக்க இடங்கள் எல்லாம் முதலாவதில். அசைவு முழுக்க இரண்டாவதில். ஒன்றில் கற்ற வட்டமும் கோடும் மற்றதில் அப்படியே செல்லும்.

நான் எழுதிப் பார்த்த படம் இதுதான். திரையில் 1,200 புள்ளிகள். ஒவ்வொன்றும் தான் நிற்கும் இடத்தில் நாய்ஸ் என்ற சார்பு தரும் எண்ணைக் கேட்டு, அதைக் கோணமாக மாற்றி, அந்தத் திசையில் ஓர் அடி வைக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ரேண்டம் எண்ணைப் போட்டால் புள்ளிகள் கொதிக்கிற மாதிரி துள்ளும். நாய்ஸ் அடுத்தடுத்த இடங்களுக்கு நெருக்கமான எண்களைத் தருவதால் ஆற்றோட்டம் போல வளையும். கென் பெர்லின் 1980களின் தொடக்கத்தில் திரைப்படக் காட்சிகளில் கணினிப் படங்கள் இயற்கையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக உருவாக்கிய முறை இது. அதற்காக 1997இல் அவருக்குத் தொழில்நுட்பத்துக்கான ஆஸ்கர் விருதும் கிடைத்தது. ஒன்றைக் கவனியுங்கள்: நாய்ஸ் எண்கள் 0க்கும் 1க்கும் இடையே பரவலாக வருவதில்லை, நடுவில்தான் குவியும். அதை ஒரு முழுச் சுற்றால் (360 பாகை) மட்டும் பெருக்கினால் புள்ளிகள் எல்லாம் இடப் பக்கமாகவே நகரும். இரண்டு சுற்றால் பெருக்கிப் பாருங்கள், ஓட்டம் எல்லாத் திசைக்கும் பிரியும்.

தொடுகை மிக எளிது. விரலுக்கும் புள்ளிக்கும் உள்ள தூரம் 120 பிக்சலுக்குள் இருந்தால் புள்ளியை எதிர்த் திசையில் தள்ளு. நெருங்க நெருங்கத் தள்ளும் விசை கூடட்டும். ஒவ்வொரு சட்டத்திலும் (டிரா ஒரு முறை ஓடி வரையும் படம்தான் சட்டம்) வேகத்தை 0.95ஆல் பெருக்கித் தணித்துவிடு. இந்த 0.95தான் படத்தின் குணம். 0.8 என்றால் புள்ளிகள் தேனில் நகர்கிற மாதிரி இருக்கும், 0.99 என்றால் பனிக்கட்டிமேல் வழுக்கும். இந்த ஓர் எண்ணோடு மட்டும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

வால் விட்டு ஓடுவதற்குப் பின்னணியை முழுக்க அழிக்காமல், மெல்லிய கறுப்பை ஒவ்வொரு சட்டத்திலும் மேலே பூசுவது வழக்கம். இரண்டு கருவியிலும் இதில் ஒரே சிக்கல் வரும். பூச்சு மிக மெல்லியதாக இருந்தால் பழைய தடம் கறுப்பாகாமல் சாம்பல் நிறத்தில் நின்றுவிடும். நிறம் 0 முதல் 255 வரை முழு எண்ணாகத்தான் சேமிக்கப்படுகிறது. குறைய வேண்டிய அளவு மிகச் சிறியதாகும்போது முழு எண்ணாக்குவதில் அது காணாமல் போகிறது. பூச்சைக் கொஞ்சம் அடர்த்தியாக்கினால் தடம் மங்கும். முழுக் கறுப்பு வேண்டுமென்றால் ஒவ்வொரு புள்ளியின் கடைசிச் சில இடங்களை நினைவில் வைத்து, திரையைச் சுத்தமாக அழித்துவிட்டு வாலை மறுபடி வரையுங்கள்.

இதுவரை இரண்டும் சமம். மொழி வேறுபாடு பலர் நினைக்கிற அளவுக்குப் பெரிதில்லை. பிராசஸிங்கில் மாறிக்கு முழு எண்ணா, தசமமா என்று வகை சொல்ல வேண்டும், பி5இல் வேண்டாம். மாற்றி எழுதும்போது கடிப்பது வகுத்தல் ஒன்றுதான்: பிராசஸிங்கில் 3ஐ 2ஆல் வகுத்தால் 1, பி5இல் 1.5. என் கட்ட வரிசை படம் ஒன்று இதனாலேயே கோணலாக வந்தது.

வேகத்தில் பிராசஸிங் முன்னால் நிற்கிறது. 1,200 புள்ளிக்கு இரண்டிலும் வித்தியாசம் தெரியவில்லை. புள்ளிகளை 10,000 ஆக்கியபோது என் கணினியில் பி5 திணறியது, பிராசஸிங் அசரவில்லை. பி5இன் பிழை உதவிச் செய்திகளை அணைத்துச் சுருக்கப் பதிப்பைப் போட்டதும் கொஞ்சம் மீண்டது. இது ஒரே கணினியில் ஒரே படத்தை வைத்துப் பார்த்தது. உங்கள் கணினியில் வேறு மாதிரி இருக்கலாம். கிராபிக்ஸ் சிப்பில் நேரடியாக ஓடும் ஷேடர் நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கணக்கே மாறும். அதில் என் அனுபவம் குறைவு.

ஆக, எதை வைத்து முடிவு செய்தேன்? படம் அடுத்தவர் கையில் திறக்குமா, சில வருடம் கழித்தும் திறக்குமா என்பதை வைத்து. தொட்டால் அசையும் ஓவியத்தைத் தொட ஆள் இல்லையென்றால் அது பாதிதான். சுவரில் தொங்கும் ஓவியம் யாரும் பார்க்காத நேரத்திலும் முழுதாக இருக்கிறது. இது அப்படி இல்லை. வீடியோவாக எடுத்து அனுப்பினால் அசைவு அடுத்தவரிடம் போய்ச் சேரும், தொடுகை போய்ச் சேராது.

பிராசஸிங்கின் தொடக்க கால பதிப்புகள் நிரலை ஜாவா ஆப்லெட்டாக, அதாவது வலைப்பக்கத்துக்குள் ஓடும் சின்னச் செயலியாக, மாற்றித் தரும். வலைப்பக்கத்தில் வைத்தால் யார் வேண்டுமானாலும் மவுஸை அசைத்துப் பார்க்கலாம். அப்படி முப்பது படங்கள்வரை வைத்திருந்தேன். 2013இல் வந்த 2.0 பதிப்பில் ஆப்லெட் வசதி எடுக்கப்பட்டது. 2015இலிருந்து சில வருடங்களுக்குள் பெரிய உலாவிகள் ஆப்லெட்டை ஓட்டும் செருகுநிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்தின. பாதுகாப்புக் காரணங்கள் நியாயமானவை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒருநாள் பழைய நண்பர் ஒருவர், "அந்த மழைக்கோடு படத்தை என் பொண்ணுக்குக் காட்டலாம்னு திறந்தேன், வெறும் சாம்பல் கட்டம்தான் வருது" என்றார். போய்ப் பார்த்தேன். முப்பதும் சாம்பல் கட்டம்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நிரல்கள் சாகவில்லை. பழைய கோப்பைப் பிராசஸிங் 4இல் திறந்தேன். திரை அளவைக் கேட்கும் பழைய பெயரை மாற்றினேன். அளவை மாறியாகக் கொடுத்த இடத்தில் செட்டிங்ஸ் என்ற தனிப் பகுதியை எழுதினேன். ஓடிவிட்டது. பத்து வருடத்துக்கு மேல் பழைய நிரல் இவ்வளவு சுலபமாக உயிர் பெறுவது பெரிய விஷயம். ஆனால் அது என் கணினியில், எனக்கு மட்டும். அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் அவர் பிராசஸிங்கை நிறுவ வேண்டும், அல்லது நான் விண்டோஸுக்கு ஒன்று, மேக்குக்கு ஒன்று என்று செயலியாகக் கட்டித்தர வேண்டும். ஜாவாவையும் உள்ளே வைத்துக் கட்டினால் இரண்டு பக்க நிரலுக்கு மிகப் பெரிய கோப்புறை வரும். தெரியாத செயலியைத் திறக்கலாமா என்று கணினி வேறு கேட்கும். அந்த இடத்தில் பாதிப் பேர் மூடிவிடுகிறார்கள்.

பி5இல் நான் அனுப்புவது ஓர் இணைப்பு. அவ்வளவுதான். தொட்டதும் கைப்பேசியில் திறக்கிறது. என் கோப்புறையில் மூன்றே கோப்புகள்: ஒரு ஹெச்டிஎம்எல், என் நிரல், பி5இன் சுருக்கப் பதிப்பு. எல்லாம் சேர்ந்து ஒரு எம்பிக்குப் பக்கத்தில் வரும். படக் கோப்பு எதையும் ஏற்றாத அரூப ஓவியம் என்பதால் இணையம் இல்லாமல், ஹெச்டிஎம்எல்லை இரட்டைச் சொடுக்கு சொடுக்கினாலே ஓடும். படக் கோப்புகளை ஏற்றுவதாக இருந்தால் உலாவி தடுக்கும், உள்ளூர் சர்வர் ஒன்றை ஓட்ட வேண்டியிருக்கும்.

பராமரிப்பில் ஒரு விதியைக் கண்டிப்பாக வைத்திருக்கிறேன்: லைப்ரரியை (பி5இன் நிரல் கோப்பை) வெளி முகவரியிலிருந்து எடுக்காமல், எந்தப் பதிப்பில் எழுதினேனோ அதன் நகலைப் படத்தோடு வைத்துவிடுவது. 2025இல் பி5 2.0 வந்தபோது இதன் பயன் தெரிந்தது. முன்கூட்டியே கோப்புகளை ஏற்றும் பிரீலோட் பகுதி அதில் இல்லை. தொடுகைக்குத் தனியாக இருந்த நிகழ்வுகளும் போய், மவுஸ் நிகழ்வுகளே விரலையும் பார்த்துக்கொள்கின்றன. பழைய நிரலோடு புதிய லைப்ரரியைச் சேர்த்தால் சில படங்கள் தொட்டும் அசையாமல் நிற்கும். என் படங்கள் தங்களுடைய 1.x நகலோடு எப்போதும் போல ஓடுகின்றன. 2.0இல் இதுவரை இரண்டு படம்தான் எழுதியிருக்கிறேன், அதனால் அதைப் பற்றி உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். உலாவிகளும் நாளை மாறலாம். ஆனால் ஆப்லெட்டுக்குத் தனிச் செருகுநிரல் தேவைப்பட்டது. பி5 வரைவது உலாவியின் சொந்த வரைபரப்பான கேன்வாஸில், உலகத்து வலைப்பக்கங்களில் ஏராளமானவை நம்பியிருக்கும் ஒன்றில். அதை அத்தனை சுலபத்தில் எடுத்துவிட மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

விரல்கள் பற்றியும் சொல்ல வேண்டும். கணினியில் ஓடும் பிராசஸிங்குக்கு இயல்பாகத் தெரிவது ஒரே ஒரு மவுஸ். பி5இல் டச்சஸ் என்ற பட்டியலைக் கேட்டால் திரைமேல் உள்ள ஒவ்வொரு விரலின் இடமும் கிடைக்கும். ஒரு விரலுக்குப் பதிலாக அந்தப் பட்டியல் முழுவதையும் சுற்றிவர மூன்று வரி சேர்த்தேன். ஐந்து விரலையும் விரித்து வைத்தபோது ஓட்டம் ஐந்து கல்லைச் சுற்றும் நீரானது. அந்தப் படத்தை எழுதியவனுக்கே அது புதிதாக இருந்தது.

கைப்பேசிக்குச் சில வேலைகள் கூடுதல். பி5 திரையின் உண்மையான அடர்த்திக்கு வரையும். மூன்று மடங்கு அடர்த்தியுள்ள திரையில் ஒன்பது மடங்கு பிக்சல். பிக்சல் டென்சிட்டியை 1 என்று வைத்தால் சுமை குறையும், கோட்டின் கூர்மையும் கொஞ்சம் குறையும். விரலை இழுத்தால் பக்கமே நகராமல் தடுக்க வேண்டும். ஒலி சேர்த்திருந்தால் பார்ப்பவர் ஒருமுறை தொடும்வரை உலாவி அதை ஒலிக்க விடாது. முக்கியமாக, தொடாமல் மேலே நகர்த்தும் மவுஸ் அங்கே கிடையாது. சுட்டி வரும்போதே மலரும் படத்தை, யாரும் தொடாதபோதும் தானே மெல்ல அசையும்படி மாற்றி யோசிக்க வேண்டியிருந்தது.

பிராசஸிங்கை நான் அழித்துவிடவில்லை. அர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையோடு பேச, தூர உணரியைப் படிக்க இன்னும் அதைத்தான் திறக்கிறேன். அந்தப் பலகை கணினியோடு பேசும் சீரியல் போர்ட்டை உலாவி வழியாகத் தொடும் வசதி எல்லா உலாவியிலும் இல்லை. அசைவின் ஒரு கணத்தைப் பெரிய தாளில் அச்சிட வேண்டுமென்றால் அதன் பிடிஎஃப் லைப்ரரி கோடுகளைக் கோடுகளாகவே தரும். அறை முழுக்க விரியும் காட்சி ஒன்றை ஒரே ஒரு முறை செய்திருக்கிறேன், அதுவும் பிராசஸிங்கில். இரண்டு நாள் நிற்காமல் ஓடியது. பி5 அப்படி ஓடுமா என்று சோதித்ததில்லை.

அந்த மழைக்கோடு படத்தை முதலில் பி5க்கு மாற்றினேன். வகுத்தல் இரண்டு இடத்தில் இடித்தது, திருத்த ஒரு மணி நேரம் ஆனது. நண்பருக்கு இணைப்பை அனுப்பினேன். மகள் இரண்டு கையையும் திரையில் வைத்திருக்கிற புகைப்படம் பதிலாக வந்தது.