ஆச்சியின் ஜெபப் பட்டியலும் என் நாசரேத் பயணமும்

இரவு ஜெபத்தில் என் ஆச்சி முதலில் மின்வாரிய லைன்மேனுக்காகத்தான் வேண்டிக்கொள்வார். அடுத்துத் தபால்காரர், ரேஷன் கடைக்காரர், பஸ் கண்டக்டர், ரயில்வே கேட்கீப்பர், கிராம நிர்வாக அலுவலர், கேஸ் சிலிண்டர் தூக்கிவரும் தம்பி. வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகளின் முறை கடைசியில்தான் வரும். ஏன் இப்படி என்று அத்தை ஒருமுறை கேட்டதற்கு, "அவர்களுக்கு ஜெபிக்க ஆயிரம் பேர் உண்டு. மழையில் கம்பத்தில் ஏறுகிறவனுக்கு யார் இருக்கிறார்கள்?" என்றார்.

அவர் கண்ணை மூடிய பிறகு வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, கல்லறைக் கல் ஆகிய வேலைகளுக்காக மெல்பர்னிலிருந்து ஊருக்குப் போனேன். அந்தப் பட்டியலில் இருந்தவர்களிடமே போய் நிற்க வேண்டியிருந்தது. இதே வேலைகளுக்காக ஊருக்குப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். சென்னை எழும்பூரிலிருந்து செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் நாசரேத்திலேயே இறங்கலாம். தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்துக்குப் பறப்பதைவிட எனக்கு இதுவே பிடிக்கும். திருநெல்வேலி தாண்டியதும் வாழைத் தோட்டங்களும் தாமிரபரணிப் பாசன வயல்களும் கூடவே வரும். முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. டிசம்பரில் போவதாக இருந்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். எங்கள் பெட்டியில் கழிப்பறையும் படுக்கை விரிப்பும் சுத்தமாக இருந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி நின்றபோது எட்டிப் பார்த்தேன். 2023 டிசம்பர் 17 பெருமழையில் சென்னைக்குக் கிளம்பிய இதே ரயில் இங்கேதான் நிறுத்தப்பட்டது. சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அப்பால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அரித்துப் போயிருந்தது. வண்டியை நிறுத்தியதால் அத்தனை உயிர்களும் தப்பின. ஆச்சி வீட்டுக்குள்ளும் அன்று தண்ணீர் புகுந்தது. கட்டில்மேல் உட்கார்ந்தபடி வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாராம். செய்தி தெரிந்த நாளிலிருந்து ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன் மாஸ்டரும் ஜெபப் பட்டியலில் சேர்ந்துவிட்டார், பெயர் தெரியாமலே.

அந்த வேதப்புத்தகத்தை அத்தை என்னிடம் கொடுத்தார். பின் அட்டையின் உள்பக்கம் முழுக்க ஆச்சியின் கையெழுத்து: எங்கள் பிறந்த நாள், ஞானஸ்நான நாள், சிலிண்டர் மாற்றிய தேதி, கோழி அடைவைத்த தேதி எல்லாம் ஒரே வரிசையில். சங்கீதப் பக்கங்களுக்கிடையே பஸ் டிக்கெட்டுகள். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பூஜ்யம் ரூபாய் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார்கள். மற்றவர்கள் இறங்கியதும் எறிந்துவிடுவார்கள். ஆச்சியோ, கொடுத்தவருக்கு நன்றி சொல்லாமல் எறியக் கூடாது என்று கொண்டுவந்து வைத்துக்கொள்வார்.

வாரிசுச் சான்றிதழ் நான் பயந்த அளவுக்கு இழுக்கவில்லை. இ-சேவை மையத்தில் இறப்புச் சான்றிதழ், வாரிசுகளின் ஆதார், குடும்ப விவரம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பதிவேற்றினார்கள். கட்டணம் 60 ரூபாய். பிறகு கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்தார். அவரிலிருந்து வருவாய் ஆய்வாளர், அடுத்து தாசில்தார் என்று மனு மேலே போகிறது. எந்த மேசையில் நிற்கிறது என்று செல்போனிலேயே பார்க்கலாம். முடிந்ததும் சான்றிதழை நாமே இறக்கிக்கொள்ளலாம். என்னிடம் யாரும் காசு கேட்கவில்லை. அதை மனநிறைவோடு பதிவு செய்கிறேன்.

வங்கியில்தான் அலைச்சல். பாஸ்புத்தகத்தில் ஆச்சியின் பெயர் ஒன்று, ஆதாரில் இன்னொன்று. இரண்டும் ஒருவரே என்பதற்கு ஆதாரம் கொண்டுவரச் சொல்லிவிட்டு, எந்த ஆதாரம் என்பதை ஒவ்வொரு முறையும் வேறு விதமாகச் சொன்னார்கள். எண்பது வயது விதவைகள் இதே கவுன்டரில் நிற்பதைப் பார்த்தபோது மனம் கொதித்தது. தேவையான தாள்களை ஒரே பட்டியலாக எழுதிச் சுவரில் ஒட்ட எவ்வளவு நேரமாகும்? கடைசியில் நோட்டரி முன் எழுதிய உறுதிமொழிப் பத்திரமும் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டு நகலும்தான் வழி திறந்தன. ஒன்றை மறக்காதீர்கள்: வர இயலாத வாரிசு வெளிநாட்டிலேயே இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரத்துக்கு (தனக்காக இன்னொருவர் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) சான்றொப்பம் வாங்கி அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும்.

சேகர அலுவலகத்தில், அதாவது எங்கள் வட்டாரத்துச் சபைகளின் அலுவலகத்தில், பழைய பதிவேடுகள் துணியில் சுற்றி, பூச்சி அரிக்காமல் இருக்கின்றன. பக்கத்தைக் கண்டுபிடித்துத் தந்த சபை ஊழியர் ஆச்சியின் பெயரைப் பார்த்ததுமே, "கோழி ஆச்சியா?" என்றார். காரணம் உண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கையாக வந்த தேங்காய், முட்டை, வாழைத்தார் எல்லாம் ஏலம் போகும். ஆச்சி வருடத்துக்கு ஒரு கோழி படைப்பார். ஏலம் தொடங்கியதும் அந்தக் கோழியைத் தானே கேட்பார். யாராவது போட்டிக்கு வந்தால் விலையை ஏற்றிக்கொண்டே போவார். கடைசியில் கோழியை இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார். காணிக்கை கர்த்தருக்குப் போய்ச் சேர்ந்தது, கோழியும் வீட்டுக்கு வந்துவிட்டது என்பது அவர் கணக்கு. ஏலத்துக்கு அவர் கொடுத்த பணம் முட்டை விற்ற பணம். ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் கைப்பிடி அரிசி தனிப் பானைக்குப் போகும், அதுவும் கோயிலுக்கு. இறுதிக் காலத்தில் வீட்டில் ஒரு வேளைதான் சமைத்தார்கள். அப்போதும் இரண்டு பிடி போடுவாராம், குறையக் கூடாது என்று. விசுவாசம் என்றால் எனக்கு இன்றைக்கும் அந்தப் பானைதான்.

கல்லறைக் கல் கருப்பு கிரானைட்டில் வெட்டினோம். எழுத்துப் பிழையில்லாமல் செதுக்கித் தந்தார்கள். 121-ஆம் சங்கீதத்திலிருந்து ஒரு வரி. அதை அவரே சொல்லி வைத்திருந்தார்.

இந்தப் பயணத்தில் என்னை மிகவும் வருத்தியது பஸ்தான். நாசரேத்திலிருந்து எங்கள் கிராமத்துக்கு வரும் மாலை பஸ் பல நாள் வருவதில்லை. வேலை முடிந்து வரும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் இருட்டில் நடக்கிறார்கள். கட்டணமில்லாப் பயணம் பஸ் வந்தால்தானே? ஆராதனை முடிந்து வாசலில் நின்ற அத்தைமார், சித்திமாரிடம் கையெழுத்து வாங்கினோம். திங்கட்கிழமை தூத்துக்குடி கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். அத்தை அதை ஆச்சியின் வேதப்புத்தகத்தில் வைத்திருக்கிறார். அடுத்து ஊருக்குப் போகிற எங்கள் கிராமத்துப் பிள்ளைகள் யாரானாலும், அந்த ரசீதைக் கேட்டு வாங்கிப் போய் மனு என்ன ஆயிற்று என்று விசாரியுங்கள்.