0.177 ஸ்பிரிங் ஏர் ரைஃபிள்: பத்தாயிரம் பெல்லட் ஓடிய பிறகு

ஏர் ரைஃபிள் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "இது எவ்வளவு ஸ்பீடு?" என்பதுதான். கேட்க வேண்டியது அதுவல்ல. "பத்து மீட்டரில் அஞ்சு சுட்டால் அஞ்சும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுமா?" என்று கேளுங்கள். இப்போது புழக்கத்தில் இருக்கும் ஒரு ரூபாய் நாணயம் கிட்டத்தட்ட 22 மி.மீ. விட்டம். சுமாரான ஸ்பிரிங் ரைஃபிளே, சரியாகப் பிடித்துச் சுட்டால், அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் பத்தில் ஒன்பது முறை கோளாறு பேரலில் இல்லை. ஸ்க்ரூவிலோ, பெல்லட் எனும் சின்ன ஈயக் குண்டிலோ, பிடித்த கையிலோதான் இருக்கும்.

இங்கே பேசுவது பேரலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் 4.5 மி.மீ., அதாவது 0.177 அங்குல ரைஃபிளைப் பற்றி. எடை மூன்று முதல் மூன்றரை கிலோ வரை இருக்கும். வீட்டிலோ தோட்டத்திலோ காகித டார்கெட்டில் பழகுவதற்கான துப்பாக்கி இது. மெரினாவில் பலூன் சுட்ட எல்லோருக்கும் இந்த வகை ஏற்கெனவே அறிமுகம்தான்.

முதலில் அந்த ஸ்பீடு கணக்கைத் தீர்த்துவிடலாம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, 4.5 மி.மீ. விட்டத்தையும் 20 ஜூல் ஆற்றலையும் தாண்டாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. 0.22, அதாவது 5.5 மி.மீ. என்றால் உரிமம் வேண்டும். இப்போது பெட்டியில் "நொடிக்கு 1000 அடி" என்று போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 305 மீட்டர். போட்டிகளில் போடும் 0.53 கிராம் பெல்லட் அந்த வேகத்தில் போனால் ஆற்றல் 24 ஜூலைத் தாண்டிவிடும். உரிமம் இல்லாமல் விற்கும் துப்பாக்கியில் அது நடக்கக் கூடாது. ஆகவே அந்த எண் மிக லேசான பெல்லட்டைப் போட்டு அளந்ததாகத்தான் இருக்க முடியும். நீங்கள் போடும் பெல்லட்டில் அந்த வேகம் வராது, வரவும் வேண்டாம். உலகக் கோப்பையில் சுடுகிற 10 மீட்டர் ரைஃபிள்களே நொடிக்கு 170 மீட்டர் சுமாரில்தான் ஓடுகின்றன. தடிமனான ஸ்பிரிங் மாற்றி வேகம் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு விலகிவிடுங்கள். 20 ஜூலைத் தாண்டிய நிமிடமே அது உரிமம் இல்லாத ஆயுதம். அதோடு ஸ்பிரிங் கனமாக ஆக, உதறல் கூடி குறி கெடும். வாங்கும்போது பில்லையும், ஆற்றல் சான்று இருந்தால் அதையும் சேர்த்துக் கேட்டு வாங்கி, துப்பாக்கிப் பையிலேயே ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுத் துப்பாக்கியில் முதல் நூறு, இருநூறு பெல்லட் வரை புகை வரும். சில சமயம் பட்டாசு போலச் சத்தமும் வரும். தொழிற்சாலையில் பூசிய எண்ணெய், ஸ்பிரிங் தள்ளிக் காற்றை அழுத்தும் பிஸ்டனின் அறைக்குள் இருக்கிறது. காற்று நொடியில் அழுத்தப்பட்டுச் சூடாகும்போது அது பற்றிக்கொள்கிறது. அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் அந்தக் கட்டத்தில் குறியைத் திருத்த உட்காராதீர்கள், ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு வேகத்தில் போகும். பேரலை மட்டும் ஒருமுறை சுத்தம் செய்துவிட்டு, ஒரு டப்பா பெல்லட்டை நிதானமாகச் சுட்டுத் தீர்த்த பிறகு டார்கெட்டை மாட்டுங்கள். 500 பெல்லட் தாண்டியும் புகை நிற்கவில்லை என்றால் யாரோ உள்ளே எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே, இதில் எதுவும் காற்று போகும் துளைக்குள் இறங்கக் கூடாது. ஒவ்வொரு வெடிப்பும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். ஸ்பிரிங் முறுக்கிக்கொள்ளும், காற்று கசியாமல் தடுக்கும் பிஸ்டன் சீல் கருகும்.

அடுத்தது ஸ்க்ரூ. இந்த ஒரு விஷயத்தைக் கவனித்தாலே, "துப்பாக்கி கெட்டுப்போச்சு" என்று புலம்புவதில் பாதி குறைந்துவிடும். ஸ்பிரிங் ரைஃபிள் ஒவ்வொரு முறை சுடும்போதும் இரண்டு தடவை உதறுகிறது. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வரும். பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னே இழுக்கும். இந்த முன்னும் பின்னுமான ஆட்டம் முன்கட்டையில் இரு பக்கமும் உள்ள ஸ்க்ரூக்களையும், ட்ரிகர் காவல் வளையத்து ஸ்க்ரூக்களையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிக்கொண்டே இருக்கும். 200 பெல்லட்டுக்கு ஒருமுறை சரியான அளவு ஸ்க்ரூடிரைவர் வைத்து இறுக்கிப் பாருங்கள். அரை சுற்று சுற்றினால் அதுதான் குற்றவாளி. நிரந்தரமாகத் தீர்க்க, ஸ்க்ரூவைக் கழற்றி, மரையில் உள்ள எண்ணெயைத் துடைத்து, மரையைப் பிடித்து வைக்கும் பசையான நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு வைத்து இறுக்கி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். சிவப்பு வேண்டாம், பிறகு சூடுகாட்டாமல் கழலாது. மரக்கட்டையில் பலம் கொண்ட மட்டும் திருகினால் மரம் நசுங்கி ஸ்க்ரூவின் தலை உள்ளே புதையும். கை மணிக்கட்டு அளவு பலம் போதும்.

ஸ்க்ரூ சரியாக இருந்தும் குண்டு சிதறுகிறது என்றால் பிடிமானத்தைப் பாருங்கள். சினிமாவில் வருவது போலத் தோளில் அமுக்கி, முன்கட்டையை இறுகப் பற்றினால் இந்தத் துப்பாக்கி குறி தப்பும். காரணம், பெல்லட் பேரலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே உதறல் தொடங்கிவிடுகிறது. கை இறுகினால் அந்த உதறல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பக்கம் திரும்பும். இடது உள்ளங்கையை விரித்து, அதன்மேல் முன்கட்டையைச் சும்மா வையுங்கள். விரல்கள் மடங்கவே கூடாது. பின்கட்டை தோளைத் தொட்டால் போதும். வலது கையில் ஒரு முட்டையைப் பிடிக்கிற பிடி. துப்பாக்கி தன் இஷ்டத்துக்கு ஆடட்டும்; ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஆடினால் ஒரே இடத்தில்தான் விழும். உள்ளங்கை கட்டையில் எந்த இடத்தில் படுகிறதோ, அங்கே ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். இரண்டு அங்குலம் முன்னே போனாலே குண்டு விழும் இடம் மாறுவதைக் காகிதத்தில் பார்க்கலாம். செங்கல், மேசை விளிம்பு, சுவர் போன்ற கடினமான எதன்மேலும் நேரடியாகச் சாய்க்காதீர்கள். மணல் பை இருந்தால் அதன்மேல் கையை வைத்து, கையின்மேல் துப்பாக்கியை வையுங்கள். ட்ரிகர் இழுத்த பிறகும் ஒரு நொடி குறியிலேயே கண் இருக்கட்டும். இந்த ஒரு நொடியைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

பெல்லட்டில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். துப்பாக்கியில் ஐயாயிரம் குறைத்து வாங்கி, அந்தப் பணத்தை நல்ல பெல்லட்டில் போடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. காகிதத்துக்குத் தட்டைத் தலை பெல்லட்தான். ஓட்டை வட்டமாக, கத்தரித்த மாதிரி விழும், மதிப்பெண் பார்ப்பது சுலபம். எச்&என் ஃபினாலே மேட்ச், ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10 போன்றவற்றில் டப்பாமேலேயே தலையின் விட்டம் 4.49, 4.50 மி.மீ. என்று போட்டிருக்கும். எது உங்கள் பேரலுக்குப் பொருந்தும் என்பதைச் சுட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே மாடல் துப்பாக்கி இரண்டு இருந்தால் இரண்டும் வேறு வேறு பெல்லட்டைக் கேட்கும். பேரலுக்குள் விரலால் அழுத்தும்போது லேசாகப் பிடித்து உட்கார வேண்டும். தானாக வழுக்கிப் போனால் அது சிறிது. மலிவான பெல்லட்டில் பெரிய தொல்லை, பின்பக்கம் பாவாடை போல விரிந்த விளிம்பு நசுங்கியிருப்பது. கண்ணாடித் தகட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பெல்லட்டை உருட்டிப் பாருங்கள். நல்லது சீரான வளைவில் உருளும்; நசுங்கியது தத்தித் தத்தி ஓடும். நகைக்கடைத் தராசில் எடை போட்டால் ஒரே டப்பாவில் 0.48 கிராமில் இருந்து 0.56 கிராம் வரை இருக்கிற மலிவுச் சரக்கையும் பார்க்கலாம். அதை வைத்துக்கொண்டு குறியைத் திருத்துவது ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்புகிற வேலை. பி.பி. எனப்படும் இரும்பு உருண்டைக் குண்டைப் போட்டு, பெல்லட்டைச் சுழற்றிவிடும் பேரலின் உள்வரிகளைத் தேய்த்துவிடாதீர்கள். சுட்டு எடுத்த ஈயத்தை மறுபடி போடுவதும் வேண்டாம்.

ஸ்கோப், அதாவது தொலைநோக்கிக் குறி, தேவையா? பத்து மீட்டருக்கு வேண்டாம் என்பேன். கூட வரும் இரும்புக் குறியில் ஆறு மாதம் பழகுங்கள். பின்குறியைக் குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். முன்குறிக்கும் பின்குறிக்கும் 45 செ.மீ. இடைவெளி என்றால், பின்குறியை ஒரு மி.மீ. நகர்த்தினால் பத்து மீட்டரில் 22 மி.மீ. மாறும். ஆகவே கால் மில்லிமீட்டர் கால் மில்லிமீட்டராகப் போங்கள். ஸ்கோப்தான் வேண்டும் என்றால் 'ஏர்கன்' என்று குறிப்பிட்டதை வாங்குங்கள். பெரிய ரைஃபிள் ஸ்கோப் பின்னே வரும் உதைக்கு மட்டும் கட்டப்பட்டது; ஸ்பிரிங் ரைஃபிளின் முன்னிழுப்பில் உள்ளே இருக்கும் கண்ணாடி ஆட்டம் கண்டு, கம்பிக் குறி அறுந்துவிடும். பத்து மீட்டர் வரை தெளிவு திருத்துகிற வளையமும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டார்கெட் மங்கலாகவே தெரியும். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடிக்கும் மவுன்ட் ஒரே துண்டாக, அடியில் தடுப்பு ஊசியோடு இருப்பது நல்லது. இரண்டு தனி வளையங்கள் உதறலில் மெல்ல நகரும். பென்சிலால் மவுன்டின் பின்விளிம்பில் ஒரு கோடு போட்டு வையுங்கள். நூறு குண்டுக்குப் பிறகு கோட்டுக்கும் மவுன்டுக்கும் இடைவெளி தெரிந்தால் நகர்ந்திருக்கிறது. கால் எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) என்று போட்ட ஸ்கோப்பில் ஒரு கிளிக் பத்து மீட்டரில் 0.7 மி.மீ.தான். ஒரு செ.மீ. மாற்ற 14 கிளிக் வேண்டும். "திருகினேன், ஒன்றுமே ஆகவில்லை" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மூன்று கிளிக்கில் நிறுத்திவிட்டவர்கள்.

நாலைந்து வருடம் ஓடிய துப்பாக்கியில் வேகம் குறைவது இயல்பு. வேகமானி இல்லாமலே தெரிந்துகொள்ளலாம். நொடிக்கு 200 மீட்டரில் இருந்து 170க்கு இறங்கினால் பத்து மீட்டரில் குண்டு ஏறக்குறைய 5 மி.மீ. கீழே விழும். குறியை யாரும் தொடவில்லை, ஆனால் குழு, அதாவது குண்டுகள் சேர்ந்து விழும் இடம், வாரா வாரம் இறங்கிக்கொண்டே போகிறது என்றால் காற்று கசிகிறது. முதலில் பேரல் மடங்கும் இடத்து ஓ-ரிங்கை, அதாவது ரப்பர் வளையத்தை, சந்தேகப்படுங்கள். பெல்லட் போட்டு மூடி, அந்தச் சந்தின்மேல் டிஷ்யூ பேப்பர் கீற்று ஒன்றை வைத்துச் சுடுங்கள். கீற்று பறந்தால் ஓ-ரிங் போய்விட்டது. சில ரூபாய்ச் சாமான், ஊசியால் நெம்பி நீங்களே மாற்றலாம். கீற்று அசையவில்லை என்றால் பிஸ்டன் சீல் அல்லது ஸ்பிரிங். அதை வீட்டில் பிரிக்காதீர்கள். உள்ளே ஸ்பிரிங் ஏற்றாத நிலையிலும் அழுத்தத்தில்தான் இருக்கும். தாங்கும் கருவி இல்லாமல் பின்மூடியைக் கழற்றினால் அது முகத்தை நோக்கி வரும்.

பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடுவது இந்த வகைக்கு விஷம். எதிரே காற்றைத் தடுக்க ஒன்றும் இல்லாததால் பிஸ்டன் நேராக இரும்பில் மோதுகிறது. வேடிக்கை பார்க்க வருகிறவர் கையில் எடுத்ததும் முதலில் செய்வது இதைத்தான், கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஸ்பிரிங்கை ஏற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஏற்றினால் சுட்டுவிட வேண்டும். இன்னொன்று, விரல் சம்பந்தப்பட்டது: பேரலை மடக்கி வலது கையால் பெல்லட் வைக்கும்போது இடது கை பேரலைப் பிடித்தே இருக்கட்டும். ட்ரிகர் கொக்கி தேய்ந்த துப்பாக்கியில் அது நழுவினால் பேரல் சடாரென்று மூடும். கட்டை விரல் அங்கே இருந்தால் விரல் போய்விடும்.

சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோரத்தில் எதிரி உப்புக்காற்று. கைரேகை பட்ட இடம் இரண்டே நாளில் சிவக்கும். சுட்டு முடித்ததும் வெளிப்புற இரும்பை எண்ணெய் தோய்த்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். ஸ்பாஞ்சு வைத்த ரெக்ஸின் பையில் மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பீரோவில் நிற்கவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, பூட்டி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கட்டை ஊதி குறி கொஞ்சம் மாறும். தையில் தானே திரும்பும், அவசரப்பட்டு எல்லாவற்றையும் திருக வேண்டாம். பேரல் உள்சுத்தத்துக்குப் பித்தளை பிரஷ் தேவையில்லை. தடித்த தூண்டில் நரம்பில் சின்னத் துணித் துண்டைக் கட்டி, பெல்லட் போடும் பக்கத்தில் இருந்து வாய்ப்பக்கமாக நாலு முறை இழுத்தால் போதும். 500, 1000 பெல்லட்டுக்கு ஒருமுறை செய்யலாம். செய்த பிறகு பத்துப் பதினைந்து குண்டு சிதறும், பிறகு ஒரே இடத்தில் கூடும்.

சுடுகிற இடத்தில் டார்கெட்டுக்குப் பின்னால் செங்கல் சுவர் வேண்டும். சுவருக்கு முன்னால் குண்டை விழுங்குகிற பெட்டி வேண்டும். 18 மி.மீ. ப்ளைவுட்டில் பெட்டி செய்து, பழைய துணியையும் செய்தித்தாளையும் இறுகத் திணித்தால் நன்றாக உழைக்கும். ஒரே இடத்தில் சுட்டுச் சுட்டு நடுவில் குழி விழும், மாதம் ஒருமுறை திணிப்பை மாற்ற வேண்டும். இரும்புத் தகட்டை நேராக நிறுத்தினால் ஈயம் சிதறித் திரும்பி வரும். தகட்டின் மேல்விளிம்பு உங்கள் பக்கம் சாய்ந்திருந்து குண்டைத் தரைக்கு இறக்க வேண்டும். கண்ணாடி அணியாமல் யாரும் அங்கே நிற்கக் கூடாது. திறந்த மொட்டை மாடியில் சுடாதீர்கள். தவறிய பெல்லட் இரண்டு தெரு தாண்டிப் போகும். ஈயத் தூளைத் துடைப்பத்தால் கூட்டினால் மூச்சில் போகும், ஈரத் துணியால் துடையுங்கள். சோப்பு போட்டுக் கை கழுவாமல் டீ டம்ளரைத் தொடாதீர்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது. மைனா, கிளி, அணில் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இந்தத் துப்பாக்கியைக் கொடுக்கவே கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது செய்யத் தகாத வேலை.

நாணயத்துக்குள் அடங்கிய குழு மெல்ல மெல்லச் சுருங்கி, போட்டிக்குப் போகலாமா என்ற ஆசை வருபவர்களுக்கு ஒன்று. கடலூரில் பிறந்த துப்பாக்கிச் சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் சுடுகிற 10 மீட்டர் போட்டியில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். 60 குண்டு, ஒவ்வொன்றுக்கும் தசமத்தில் 10.9 வரை மதிப்பெண். ஸ்பிரிங் ரைஃபிள் அங்கே போட்டி போடாது. உதறலே இல்லாத, காற்று சிலிண்டர் வைத்த ரைஃபிள்தான் அங்கே நிற்கும். ஆனால் விரித்த உள்ளங்கையும் ட்ரிகருக்குப் பிறகான அந்த ஒரு நொடியும் பழகிய கைக்கு அந்தத் துப்பாக்கி வெகு சீக்கிரம் பிடிபடும். அதன் விலை லட்சங்களில் என்பதால் பலர் பழையதைத் தேடுவார்கள். அப்படி வாங்கினால் பேரலைப் பார்ப்பதற்கு முன் சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள். அதற்குத் தயாரிப்பாளர் தரும் ஆயுள் பொதுவாகப் பத்து வருடம். அது கடந்திருந்தால் புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.