பண்டிகை நாளில் ரிமோட் யார் கையில்: டிடி தமிழா, தனியார் சேனல்களா?

தீபாவளியன்று எங்கள் வீட்டில் முதல் வெடி ரிமோட்டுக்காகத்தான் வெடிக்கும். எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியத்தை விழுங்கி, இட்லித் தட்டோடு உட்காரும்போது மணி ஏழாகியிருக்கும். அம்மாவுக்கு நாதஸ்வரம் வேண்டும். மகளுக்கு ஏதோ ஒரு நாயகனின் பேட்டி. எனக்குப் பட்டிமன்றம். பல வருஷமாக இந்தப் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருப்பதால், எந்த நாளில் எந்தச் சேனல் தேறும் என்று எனக்கே ஒரு கணக்கு உண்டாகிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முன்பு இந்தத் தொல்லையே கிடையாது. 1975 ஆகஸ்ட் 15 அன்று தூர்தர்ஷனின், அதாவது டிடியின், சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. 1993 தமிழ்ப் புத்தாண்டில் சன் டிவி வரும் வரை நமக்கு வாய்த்தது அது ஒன்றுதான். வயலும் வாழ்வும் ஓடினால் பட்டணத்துக்காரரும் உரம் போடக் கற்றுக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் வந்தால் தெருவே காலி. பிறகு அந்தச் சேனல் பொதிகை ஆனது. 2024 ஜனவரி 19 முதல் டிடி தமிழ். எங்கள் வீட்டில் இன்னும் பொதிகைதான்.

முதலில் பண்டிகைச் சிறப்பு நிகழ்ச்சிகள். தனியார் சேனல்களின் அட்டவணையை யாரும் பார்க்கவே வேண்டாம், மனப்பாடமாகச் சொல்லிவிடலாம். காலையில் ஆன்மிகச் சொற்பொழிவு, அப்புறம் பட்டிமன்றம், அப்புறம் நட்சத்திரப் பேட்டி, பதினோரு மணிக்கு ஒரு படம், மாலையில் 'இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக, திரைக்கு வந்து சில மாதங்களே ஆன' இன்னொரு படம். விநாயகர் சதுர்த்தியைக்கூட 'விடுமுறை தினச் சிறப்பு நிகழ்ச்சி' என்று சொல்லிக் காட்டிய கலைஞர் டிவியிலும் உள்ளே இருந்த சரக்கு இதேதான்.

பொங்கல் என்றால் ஸ்டூடியோவுக்குள்ளேயே ஒரு கிராமம் முளைக்கும். தெர்மோகோல் குடிசை, தூணுக்குத் தூண் கரும்பு, நடுவில் மஞ்சள் கொத்து கட்டிய பானை. பட்டுப் புடவையில் வந்த நடிகை கரண்டியைப் பிடிக்கும் விதத்திலேயே அது வீட்டில் பிடித்துப் பழகிய கரண்டி இல்லை என்று தெரிந்துவிடும். பால் பொங்குவதற்குள் தொகுப்பாளர் கையை உயர்த்துவார்: 'ஒரு சின்ன இடைவேளை!' ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது விதி. பண்டிகை நாளில் இரண்டரை மணி நேரப் படம் நாலு மணி நேரம் ஓடுவதைப் பார்த்தால் அந்தப் பன்னிரண்டு நிமிடம் ரொம்ப நீளமான நிமிடங்கள் போல.

ஆனாலும் பட்டிமன்றம் என்று வந்தால் தனியார் பக்கம்தான் என் ஓட்டு. மேடையில் வளர்ந்த ஒரு கலையைச் சாலமன் பாப்பையா பண்டிகைக் காலையின் ஓர் அங்கமாகவே ஆக்கிவிட்டார். 'குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா' என்ற வகைத் தலைப்பில் தீர்ப்பு என்னவாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கடைசி வரை உட்கார வைக்கும் சாமர்த்தியம் அது. பொதிகையின் பட்டிமன்றங்களும் கவியரங்கங்களும் பெரும்பாலும் கல்லூரித் தமிழ் மன்ற விழாவைப் போல இருக்கும். பேசுகிறவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்தான். ஆனால் கைதட்டலைக்கூட அனுமதி வாங்கித்தான் தட்டுகிறார்கள் என்று தோன்றும்.

சரி, அப்படியென்றால் டிடி தமிழ் எங்கே ஜெயிக்கிறது? என் கணக்கில் விஷயம் இதுதான்: தனியார் சேனல் பண்டிகையைத் தூக்கி ஸ்டூடியோவுக்குக் கொண்டுவருகிறது, டிடி கேமராவைத் தூக்கிக்கொண்டு பண்டிகை நடக்கும் இடத்துக்குப் போகிறது.

திருவண்ணாமலை கார்த்திகை தீபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சமூர்த்திகள் தீப தரிசன மண்டபத்துக்கு வந்து சேர்ந்தாயிற்று. மணி ஆறு நெருங்குகிறது. வருஷத்தில் இந்த ஒரு மாலையில் மட்டும், சில நிமிடங்களுக்கு மட்டும், அர்த்தநாரீஸ்வரர் ஆடியபடி வெளியே வருவார். அதே நேரம் கொடிமரத்தின் முன் அகண்ட தீபம். கண் சிமிட்டினால் 2,668 அடி உயர மலையின் உச்சியில் கொப்பரை பற்றிக்கொள்ளும். 'அண்ணாமலைக்கு அரோகரா' என்று கூட்டம் எழுப்பும் ஓசை ஒலிவாங்கியில் அலையாக வந்து மோதும். முழுத் திரையில், வர்ணனையாளர் வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடத்தில் மூடிக்கொள்ள, இதைப் பார்ப்பது ஓர் அனுபவம். அந்த அரை நிமிட மௌனத்துக்காகவே நான் டிடியை வைப்பேன். அதே காட்சியைச் செய்திச் சேனலில் பார்த்தால் திரை நாலு பெட்டியாகப் பிளந்திருக்கும். ஒரு பெட்டியில் தீபம், ஒன்றில் நிருபர், ஒன்றில் நகைக்கடை, அடியில் மழை எச்சரிக்கை ஓடும். உச்சியில் சுடர் எழும் நொடியில் நிருபர் 'மக்கள் எப்படி உணர்கிறார்கள்?' என்று பக்கத்திலிருப்பவரிடம் ஒலிவாங்கியை நீட்டுவார். பாவம், அந்த மனிதர் திரும்பி மலையைப் பார்ப்பதா, பதில் சொல்வதா?

இசையில் இந்த வித்தியாசம் இன்னும் துலக்கம். தியாகராஜர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை. பஞ்சரத்ன கீர்த்தனைகளை டிடி நேரடியாக ஒளிபரப்பும்போது நம் வீட்டுக் கூடத்துக்குக் காவிரிக்கரையே வந்துவிடும். பாகவதர்கள் எதிரெதிர் வரிசையில் தரையில் சம்மணம் போட்டிருப்பார்கள். நாட்டையில் 'ஜகதானந்த காரக' தொடங்கி, கௌளை, ஆரபி, வராளி வழியாக ஸ்ரீ ராகத்து 'எந்தரோ மகானுபாவுலு' வரை இடைவேளை என்ற பேச்சே இல்லை. கேமரா ஒவ்வொரு முகமாக நகரும். தொலைக்காட்சியில் அடிக்கடி பார்க்கும் பிரபலம் ஒருவர், அவருக்குப் பக்கத்தில் சிட்டஸ்வரம் என்ற ஸ்வர வரிசையில் தடுமாறி மடியில் உள்ள நோட்டைப் புரட்டும் ஒரு மாமி, அதற்கும் பின்னால் தொடையில் தப்புத் தாளம் போடும் ஒரு பையன். நூறு பேர் சேர்ந்து பாடுவதால் சுருதி அப்படி இப்படித்தான் இருக்கும். ஆனால் 'சாதிஞ்செனே'யில் 'சமயானிகி தகு மாடலாடெனே' என்ற வரி ஒவ்வொரு முறையும் திரும்பி வரும்போது கூட்டமே ஒரே குரலாக ஆகிற சுகம் எந்த ஸ்டூடியோவிலும் கிடைக்காது. இந்தச் சமாதிக் கோயிலைத் தன் சொத்தை விற்றுக் கட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாளையும் அந்த நேரத்தில் ஒரு நிமிடம் நினைக்காமல் இருக்க முடியாது.

இதையே வைத்து டிடிக்கு நூற்றுக்கு நூறு போட்டுவிடவும் முடியாது. ஸ்டூடியோவுக்குள் வந்ததும் அது வேறு ஆள். அரை மணி நேரக் கச்சேரி, ஒரு மேடை, பின்னால் ஒரு படுதா. ராகம் விரிந்து வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். தாள வாத்தியக்காரர்களின் தனி ஆவர்த்தனம் பாதியில் மங்கி எழுத்துகள் ஓட ஆரம்பிக்கும். இந்த இடத்தில் ஜெயா டிவி ஒரு காலத்தில் நடத்திய மார்கழி மகா உற்சவத்தை நேர்மையாகப் பாராட்டியாக வேண்டும். ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு கருப்பொருள், எதிரே ரசிகர்கள், பாடகரே பாட்டுக்கு முன் இரண்டு வரி விளக்கம், துல்லியமான ஒலிப்பதிவு என்று செய்தார்கள். கர்நாடக சங்கீதம் என்றாலே எழுந்து போகிற என் மைத்துனர்கூட அதில் நின்று பார்த்தார். தனியார் சேனலால் இது முடியும் என்பதற்கு அத்தாட்சி. எல்லோரும் ஏன் செய்வதில்லை என்பதற்குக் காரணம் டி.ஆர்.பி.

டிடியின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. சென்னை சபாக்களில் டிசம்பர் மாலை நேரத்தை எட்டாத வித்வான்கள், வெளியூர் நாதஸ்வரக்காரர்கள், வானொலித் தேர்வில் பி-ஹை என்ற தரம் வாங்கிய இளைஞர்கள், கிராமியப் பாடகர்கள் ஆகியோருக்கு அது கதவைத் திறக்கிறது. யாராவது பார்க்கிறார்களா என்று கணக்குப் பார்க்காமல் திறக்கிறது. அதோடு கிடங்கு ஒன்று வைத்திருக்கிறது. எம்.எஸ். சுப்புலட்சுமி, செம்மங்குடி காலத்துப் பதிவுகளை வேறு எந்தத் தமிழ்ச் சேனலாலும் காட்ட முடியாது; அன்று அந்தச் சேனல்கள் பிறக்கவே இல்லை. பிரசார் பாரதி ஆர்கைவ்ஸ் என்ற பெயரில் யூடியூபில் பழைய சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். ராத்திரி தூக்கம் வராதவர்கள் உள்ளே போகாதீர்கள், விடிந்துவிடும்.

யூடியூப் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2020 மார்கழியில் கொரோனாவால் அரங்குகள் மூடியபோது சபாக்கள் கச்சேரிகளை இணையத்தில் டிக்கெட் போட்டுக் காட்டின. அதிலிருந்து இசை ரசிகர்களில் ஒரு பகுதி டிவி பக்கமே திரும்பவில்லை. ஆக டிடிக்கு இப்போது போட்டி சன்னோ விஜய்யோ இல்லை, ரசிகரின் கையில் இருக்கும் போன்.

ஆவணப்படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வரவில்லை, ஏனென்றால் இரண்டு தரப்பிலும் அதிகம் இல்லை. என் வயதுக்காரர்களுக்கு ஆவணப்படம் என்றால் தியேட்டரில் படம் போடுமுன் ஓடும் ஃபிலிம்ஸ் டிவிஷன் சுருள். அது ஓடும்போது வெளியே போய் முறுக்கு வாங்குவது மரபு. டிடி அந்த மரபின் வாரிசு. கனத்த குரலும் நிதான நடையும் இன்னும் மிச்சம் இருக்கின்றன. பத்தமடைப் பாயைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டிடி தாமிரபரணிக் கரையில் கோரை வளர்வதில் தொடங்கி, அதை ஊற வைத்து, கிழித்து, நெய்வது வரை ஒன்றையும் விடாது. நெசவாளியின் விரல்களைத் தறிச் சத்தத்தோடு இருபது விநாடி விடாமல் காட்டும். செய்திச் சேனல் என்றால் தபேலாவும் இடியும் கலந்த இசை, 'அழிவின் விளிம்பில்' என்று சிவப்பு எழுத்து, நிருபரே பாயில் உட்கார்ந்து நெய்து பார்க்கும் காட்சி. ஆனால் ஒன்று, நெசவாளிக்கு ஒரு நாள் கூலி என்ன என்று அந்த நிருபர்தான் கேட்பார். அந்தக் கேள்வி அரசு சேனலில் வருவது அபூர்வம். காட்டு விலங்கு, பூகம்பம் என்றால் தமிழில் பேசும் டிஸ்கவரியை யாராலும் அடிக்க முடியாது. பல்லியைத் தின்ன வேண்டிய கட்டத்தில் வெள்ளைக்காரர் நம்ம ஊர்ப் பாணியில் அலுத்துக்கொள்ளும் அழகுக்காகவே பார்க்கலாம்.

பொது ஒளிபரப்பு என்றாலே மந்தமாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு சிங்கப்பூரின் 'வசந்தம்' சேனலைக் காட்டுவேன். அந்நாட்டுப் பொது ஒளிபரப்பு நிறுவனமான மீடியாகார்ப்பின் அந்தச் சேனல், 2008 அக்டோபரில் தனி அலைவரிசையாக ஆனது. தமிழர்கள் சிறுபான்மையாக இருக்கும் ஊர், பொங்கலுக்கு விடுமுறைகூடக் கிடையாது. அதனால் தீபாவளியை அவர்கள் விடுவதில்லை. லிட்டில் இந்தியாவின் விளக்கு அலங்காரத் தெருவிலிருந்தே கொண்டாட்டத்தைக் காட்டுகிறார்கள். நட்சத்திரமும் உண்டு, தெருவும் உண்டு. நிகழ்ச்சிகளில் ஆங்கில வசன வரி போடுவதால் தமிழ் தெரியாத பக்கத்து வீட்டுக்காரரும் பார்க்கிறார். இங்கே டிடி தமிழில் ஒரு நல்ல நேரலை வருகிறது என்பதே அது முடிந்த பிறகு மாமா போன் செய்து சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. நிகழ்ச்சியைவிட அதற்கான முன்னோட்டத்தில் அதிகம் உழைப்பது தனியார் சேனல். அதில் பாதி உழைத்தாலும் டிடிக்குப் போதும்.

காசு விஷயத்தில் பேச்சே இல்லை. டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதச் சந்தா கிடையாது, தட்டும் பெட்டியும் ஒரு முறை வாங்கினால் சரி. கேபிள் என்றால் டிடி சேனல்களைக் கண்டிப்பாகக் காட்ட வேண்டும் என்பது சட்டம். எத்தனையாவது எண்ணில் என்பதைத்தான் ஒவ்வொரு ஆபரேட்டரும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறார். எங்கள் பழைய வீட்டில் அம்மா அந்த எண்ணைக் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருந்தாள். இரண்டு முறை மாற்றினார்கள், இரண்டு முறையும் அடித்துவிட்டு எழுதினாள்.

இப்போது எங்கள் வீட்டில் ஓர் ஒப்பந்தம். தீபாவளி, பொங்கல் காலையில் பட்டிமன்றம் முடியும் வரை ரிமோட் என்னிடம், பிறகு மகளிடம். அவள் பார்க்கும் பேட்டிக்கு நடுவே விளம்பரம் வரும்போதெல்லாம் பொதிகைக்கு மாற்ற அம்மாவுக்கு உரிமை உண்டு. கார்த்திகை தீபத்தன்று ஐந்தரை முதல் ஆறேகால் வரை யாருக்கும் உரிமை இல்லை, டிடிதான். ஆராதனையன்று காலை ரிமோட் அம்மாவின் மடியில் இருக்கும். 'எந்தரோ' முடிந்து, சர்க்கரைப் பொங்கலை சுவாமிக்குக் காட்டி, எனக்கு ஒரு கரண்டி போட்ட பிறகுதான் அது கை மாறும்.