முதல் வெளிநாட்டு ஓட்டம்: மேனுவல் கியரா, ஆட்டோமேட்டிக்கா?

வாடகைக் காரைத் தேர்ந்தெடுக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரே அளவுள்ள இரண்டு கார்கள். மேனுவல் கியர் என்றால் மலிவு. ஆட்டோமேட்டிக் என்றால் வாடகை கணிசமாகக் கூடுதல். பதினெட்டு ஆண்டுகளாக மேனுவல் ஓட்டிக் கை காய்த்தவன் கூடுதலாக எதற்குக் கொடுக்க வேண்டும்? மேனுவலுக்கே பணம் கட்டிவிட்டுப் பிரான்ஸுக்கு விமானம் ஏறினேன். மூன்று நாள் ஓட்டியபின் வாடகை அலுவலகத்துக்குத் திரும்பிப் போய், வித்தியாசத் தொகையைக் கட்டி, ஆட்டோமேட்டிக்காக மாற்றிக்கொண்டேன். மறு ஆண்டு ஸ்பெயினுக்குப் போனபோது முதல் நாளிலிருந்தே ஆட்டோமேட்டிக். நான் எந்தக் கட்சி என்பது இந்நேரம் தெரிந்திருக்கும்.

முதலில் ஓர் எல்லை வகுத்துக்கொள்கிறேன். சாலையின் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர் முதன்முறையாக வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குப் போகும்போதுதான் இந்தக் கேள்விக்கு உயிர் வருகிறது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற இடப்பக்க நாடுகளில் ஸ்டியரிங்கும் கியரும் பழகிய இடத்திலேயே இருக்கும். அங்கே மேனுவல் மலிவாகக் கிடைத்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் கேள்வியே எழாது. அங்கே வாடகைக் கார்கள் ஏறத்தாழ எல்லாமே ஆட்டோமேட்டிக். பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி போன்ற ஐரோப்பிய நாடுகளில்தான் வாடகைப் பட்டியலின் மலிவான பகுதியில் மேனுவல் இன்னும் பெரும்பான்மை. ஆட்டோமேட்டிக்கில் மட்டும் தேர்வு எழுதி உரிமம் பெற்றவர்களுக்கு முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. அவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, வயது வரம்பு, முன்வைப்புத் தொகை எல்லாம் இரண்டு வகைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எரிபொருளில் மேனுவல் மிச்சம் பிடிக்கும் என்பது பழைய கணக்கு. இன்றைய ஆட்டோமேட்டிக் கார்களில், குறிப்பாக ஹைபிரிட் வகையில், அந்த வித்தியாசம் ஒரு வாரப் பயணத்துக்குள் கண்ணுக்குத் தெரியாது. வாடகையில் மட்டும் மேனுவலுக்கு மறுக்க முடியாத வெற்றி.

என் முடிவைத் திருப்பியது கவனம் என்ற ஒன்றுதான். புது நாட்டுச் சாலையில் முதல் நாள் ஓட்டுகிறவரிடம் கவனம் என்பது எண்ணிக் கொடுத்த காசு. அதைக் கியருக்குச் செலவழித்துவிட்டால் சாலைக்கு மிஞ்சாது.

பலர் அஞ்சுவதுபோல் பெடல்கள் இடம் மாறுவதில்லை. ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்தாலும் இடமிருந்து வலமாகக் கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர்தான். சோதனை கைகளுக்கு. கியர் இப்போது வலது கைக்கு வந்துவிடுகிறது. கியர் வரிசையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருந்தால் கை எப்படியோ சமாளித்திருக்கும், அது திரும்புவதில்லை. முதல் கியர் இங்கேயும் இடப்பக்க மேல்மூலையில்தான் இருக்கிறது. காரின் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டும்போது அந்த மூலை நம்மைவிட்டு விலகியிருக்கும். இடது கையால் அப்பால் தள்ளிப் போடுவோம். இடப்பக்கம் உட்கார்ந்தால் அதே மூலை நம் தொடையருகே வந்துவிடுகிறது. வலது கையால் நம்மை நோக்கி இழுத்துப் போட வேண்டும். என் கைக்குத் தெரிந்ததோ தள்ளுவது மட்டும். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது அது தன்னையறியாமல் லேசாக அப்பால் தள்ளியது; கியர் தண்டு நடு வரிசைக்கு நழுவி நான்காவதில் போய் உட்கார்ந்தது. கார் ஒருமுறை உடம்பைக் குலுக்கிக்கொண்டு நின்றுவிட்டது.

இது நடந்தது விமான நிலையத்தைவிட்டு வெளியே வந்த முதல் சிக்னலில். பச்சை விழுந்ததும் இடது கை கியரைத் தேடிப் போய்க் கதவில் முட்டிக்கொண்டது. அடுத்த முறை அதே கை கண்ணாடி இறக்கும் பொத்தானை அழுத்தியது. ஒருவழியாக வலது கை வேலையை ஏற்றுக்கொண்டு, மேலே சொன்னபடி நான்காவது கியரைக் கண்டுபிடித்தது. பின்னால் ஹாரன். பதற்றத்தில் இண்டிகேட்டரைப் போடப் போனேன். வைப்பர் ஓடத் தொடங்கியது. வானத்தில் மேகமே இல்லை. வலப்பக்க ஸ்டியரிங் உள்ள ஜப்பானியக் கார்களில் இண்டிகேட்டர் வலப்பக்கம் இருக்கும், இந்தக் காரில் இடப்பக்கம் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி தலைக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாளும் விடவில்லை.

இதெல்லாம் வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்கக்கூடிய அளவில் நின்றிருந்தால் நான் காரை மாற்றியிருக்க மாட்டேன். கியருக்குப் போன கவனம் வேறு எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதுதான் சிக்கல். பிரான்ஸில் ஊருக்குள் பலகையோ கோடோ சிக்னலோ இல்லாத சந்திப்பில், வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. நாம் போவது பெரிய தெருவாக இருக்கலாம், அவர் வருவது சிறு சந்தாக இருக்கலாம். வழிவிட வேண்டியவர் நாம்தான். மஞ்சள் நிறச் சாய்சதுரப் பலகை இருந்தால் முன்னுரிமை நம் சாலைக்கு. ஆகவே ஊருக்குள் கண் வலப்பக்கச் சந்துகளிலும் பலகைகளிலும் இருக்க வேண்டும். அடுத்து ஒரு ரவுண்டானா வரும். அங்கே வண்டிகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். வழக்கமாக உள்ளே சுற்றுகிறவருக்கு முன்னுரிமை. இப்போது கண் இடப்பக்கம் பார்க்க வேண்டும். அந்த நாட்டில் ரவுண்டானாவுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொன்றிலும் மேனுவல்காரர் மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கி, நுழைந்து, எந்த வழியில் வெளியேற வேண்டும் என்று எண்ணி, இண்டிகேட்டர் போட்டு, வெளியே வந்து மறுபடி மூன்றாவதுக்கு ஏற வேண்டும். பழகிய கைக்கு இது மூச்சு விடுவதுபோல. பழகாத கைக்கு ஒவ்வொரு முறையும் கண் ஒரு கணம் கீழே, கியரைப் பார்க்கப் போகிறது.

கார் ஓரம் சாய்வதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வலப்பக்கம் உட்கார்ந்து பழகிய உடம்பு, தடத்துக்குள் தனக்கென ஓர் இடம் வைத்திருக்கிறது: தடத்தின் வலப்பாதியில், நடுக்கோடு நம் வலது தோளுக்கு அருகே, காரின் பெரும்பகுதி நமக்கு இடப்பக்கம். இடப்பக்கம் உட்கார்ந்தபிறகும் உடம்பு தடத்தில் அதே பழைய இடத்தைத் தேடுகிறது. விளைவு, கார் முழுவதும் வலப்பக்க ஓரத்துக்கு நகர்கிறது. நடைபாதை விளிம்பில் சக்கரம் உரசும், நிறுத்தியிருக்கும் வண்டிகளின் கண்ணாடியோடு நம் கண்ணாடி முகம் பார்க்கும். சக்கரமும் டயரும் பல அடிப்படைக் காப்பீடுகளில் சேராது என்பதால் இது செலவு வைக்கும் பிழை. ஆட்டோமேட்டிக் எடுத்தாலும் இந்தச் சாய்வு இருக்கும். ஆனால் இடப்பக்கக் கண்ணாடியில் நடுக்கோட்டை அடிக்கடி பார்த்துத் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும்.

மூன்றாம் நாள் காலைக்கு வருகிறேன். முந்தின நாள் மாலை நன்றாகவே ஓட்டியிருந்தேன். கைக்குப் பழகிவிட்டது என்ற நினைப்பு. விடியற்காலையில் தங்கும் விடுதியிலிருந்து புறப்பட்டு, ஆளரவமற்ற சாலையில் இடப்பக்கம் திரும்பினேன். முன்னால் வண்டி இருந்தால் அதன் பின்னாலேயே போய்ச் சரியான பக்கத்தில் சேர்ந்துவிடலாம். அன்று ஒரு வண்டியும் இல்லை. இரண்டாவது கியர் விழவில்லை. குனிந்து பார்த்துப் போட்டேன். நிமிர்ந்தபோது கார் சாலையின் இடப்பக்கத்தில், என் ஊர்ப் பழக்கப்படி, மிக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. தூரத்து வளைவில் முகப்பு விளக்குகள் தெரிந்தன. "வலப்பக்கம்!" என்று மனைவி கத்திய கத்தலில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். எதிரே வந்த வேன் கடந்துபோக இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் காரை ஓரம் கட்டிவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். மறுநாளே காரை மாற்றினேன்.

1967 செப்டம்பர் 3 அன்று விடிகாலை 5 மணிக்கு ஸ்வீடன் நாடே இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. பெரும் விபத்துகள் நடக்கும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் சில காலம் விபத்துகள் குறைந்தன, பிறகு பழைய அளவுக்குத் திரும்பின. புதிதாக இருந்தவரை எல்லோரும் விழித்திருந்தார்கள் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். என் மூன்றாம் நாள் காலையை நினைத்தால் எனக்கு அது நன்றாகப் புரிகிறது.

இனி ஆட்டோமேட்டிக்கின் குறைகள். அதற்கும் உண்டு, ஒன்று ஆபத்தானது. ஆட்டோமேட்டிக்கில் இடது காலுக்கு வேலையில்லை. ஆனால் அந்தக் கால் இதை நம்பாது. சிக்னலை நெருங்கும்போது கிளட்ச் என்று நினைத்து ஓங்கி மிதிக்கும். அங்கே இருப்பது அகலமான பிரேக் பெடல். கார் அடித்துப் பிடித்து நிற்கும், பின்னால் வருகிறவர் நம்மீது ஏறாமல் இருந்தால் அவர் புண்ணியம். நான் முதல் அரை மணி நேரத்தில் இரண்டு முறை இப்படி மிதித்தேன். இடது காலைப் பின்னுக்கு இழுத்து இருக்கையோடு ஒட்டி வைத்துக்கொண்டபிறகு நின்றது. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்கள் தாமாகவே மெல்ல நகரும் என்பதும் புதியவருக்குத் திகைப்பு தரும். ஆட்டோமேட்டிக்கையே தொடாதவர், ஊரில் யாரிடமாவது வாங்கி ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. வெளிநாட்டில் முதல் நாளை இதற்குச் செலவிட வேண்டாம்.

வைப்பர் கதை ஆட்டோமேட்டிக்கிலும் தொடர்ந்தது. ஸ்பெயினில் ஒரு வாரமும் வெயிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேதான் திரும்பினேன்.

முன்பதிவில் ஏமாறாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். பல வாடகைத் தளங்களில் கார் வகைக்கு நான்கெழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும். அதில் மூன்றாவது எழுத்து ஆங்கில எம் என்றால் மேனுவல், ஏ என்றால் ஆட்டோமேட்டிக். படத்தில் உள்ள கார் மாறலாம், வகைதான் உறுதி. ஆகவே படத்தைவிட்டு அந்த எழுத்தைப் பாருங்கள். மிகச் சிறிய, மலிவான ஆட்டோமேட்டிக் சிலவற்றில் உள்ளே இருப்பது மேனுவல் கியர்பெட்டிதான். கிளட்ச்சை மிதித்துக் கியரை மாற்றும் வேலையை மட்டும் இயந்திரம் செய்யும். கியர் மாறும்போதெல்லாம் தலையாட்டும். ஏற்றத்தில் நின்று புறப்பட இது எனக்குப் பிடிக்கவில்லை.

மேனுவல் பக்கம் நின்று பேச எனக்கு இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. நீண்ட மலையிறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தைப் பிடித்து இறங்கும் சுகம் மேனுவலில் இயல்பாக வரும். ஆட்டோமேட்டிக்கிலும் கியரைக் கையால் குறைக்கும் வசதி பெரும்பாலும் உண்டு. பைரனீஸ் மலைத்தொடரின் இறக்கம் ஒன்றில் ஒரே ஒரு முறை பயன்படுத்தினேன், குறையில்லை. ஒரு இறக்கத்தை வைத்து அடித்துப் பேச மாட்டேன். பனி மூடிய சாலையில் இரண்டையுமே ஓட்டியதில்லை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. இரண்டாவது, பணம். மூன்று வாரம், ஒரு மாதம் என்று எடுப்பவருக்கு வாடகை வித்தியாசம் பெருந்தொகையாகிவிடும். அப்படிப்பட்டவர் முதல் வாரத்தை ஆட்டோமேட்டிக்கிலும் மீதியை மேனுவலிலும் ஓட்டலாம் என்று தோன்றுகிறது. நான் செய்து பார்த்ததில்லை. ஆனால் மலிவு என்று கணக்குப் போடும்போது கிளட்ச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தடுமாறித் தடுமாறி ஏற்றத்தில் கிளட்ச்சைக் கருக்கிவிட்டால், பல ஒப்பந்தங்களில் அது ஓட்டியவரின் தவறு, காப்பீடு தொடாது.

என் ஒப்பீட்டில் ஓர் ஓட்டை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸில் ஆட்டோமேட்டிக் என் கைக்கு வந்தது நான்காம் நாள். அதற்குள் மூன்று நாள் அனுபவம் சேர்ந்திருந்தது. பிறகு வந்த நிம்மதி முழுவதற்கும் அந்தக் காரே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஸ்பெயினுக்குப் போனபோதும் நான் முற்றிலும் புதியவன் இல்லை. இருந்தாலும் ஓராண்டு இடைவெளியில் பழக்கம் போய்விட்டிருந்தது. விமான நிலையத்து வாசலில் இடது கை மறுபடி கதவைத்தான் முட்டியது. ஆனால் அங்கே அதற்கு எடுக்க வேண்டிய கியர் எதுவும் இல்லை. கை வெறுமனே திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டது. முதல் ரவுண்டானாவில் இடப்பக்கம் பார்த்தேன், காத்திருந்தேன், நுழைந்தேன், மூன்றாவது வழியில் வெளியேறினேன். மனைவி ஒவ்வொரு திருப்பத்திலும் "வலப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அது நாங்கள் பேசிவைத்துக்கொண்டது. இரண்டாம் நாள் மதியம் ஒரு திருப்பத்தில் அந்தக் குரல் வரவில்லை. சரியான பக்கத்தில் சேர்ந்தபிறகு திரும்பிப் பார்த்தேன். கைப்பிடியை விட்டுவிட்டு, தலையைக் கண்ணாடியில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.