கிம்ப்புக்கு லைசென்ஸ் கீ கேட்டால் பணம் அனுப்பாதீர்கள்

‘இலவச சாஃப்ட்வேரில் போட்டோ எடிட்டிங், தமிழில்’ என்று வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றும் ஆன்லைன் வகுப்பு ஒன்றைப் பற்றிய எச்சரிக்கை இது. கிம்ப் என்பது யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளும் போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர். அதைத்தான் இவர்கள் காசுக்கு விற்கிறார்கள். வகுப்பின் பெயர் எதற்கு? நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள். ஏமாற்றும் விதத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

சேர 1 ரூபாய்தான். ஆனால் யுபிஐயில் அதைக் கட்டும் திரையிலேயே ஆட்டோபே (மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கான) ஒப்புதலும் இருக்கிறது. பின் நம்பரைப் போட்டதும் மாதம் 499 ரூபாய்க்குச் சம்மதித்ததாக ஆகிவிடும். அதன்பின் ஒரு ஜிப் ஃபைலும் ‘பேசிக் கீ’யும் வரும். ஜிப்பில் இருப்பது கிம்ப்தான். ஐகானையும் பெயரையும் மாற்றி, திறந்தவுடன் கீ கேட்கிற மாதிரி ஒரு விண்டோவை முன்னால் ஒட்டியிருக்கிறார்கள். ஹெல்ப் மெனுவில் அபவுட்டைப் பார்த்தால் 2.8.22 என்று பழைய பதிப்பு எண் அப்படியே நிற்கிறது. 2017இல் வந்த பதிப்பு அது. 2018இல் 2.10, 2025 மார்ச்சில் 3.0 எல்லாம் வந்தாகிவிட்டது.

கிம்ப்புக்கு கீயும் கிடையாது, ப்ரோ வெர்ஷனும் கிடையாது. கிம்ப் வெளிவரும் ஜிபிஎல் என்ற திறந்த மென்பொருள் உரிமப்படி அதைப் பிரதி எடுத்து விற்பது குற்றமில்லை. ஆனால் உரிம வாசகத்தை மறைப்பதும், ‘யாருக்கும் கொடுக்காதே’ என்று மிரட்டுவதும் அந்த உரிமத்துக்கு நேர் விரோதம். இவர்கள் இரண்டையும் செய்கிறார்கள்.

உண்மையான வசூல் இரண்டாவது வாரம். ‘ஜேபெக்காக சேவ் ஆகவில்லையே’ என்று எல்லோரும் கேட்பார்கள். ‘பேசிக்கில் வராது, ப்ரோ எடுங்கள், 1,999’ என்று பதில் வரும். பச்சைப் பொய். 2.8 முதல் கிம்ப்பில் சேவ் என்றால் லேயர்களோடு, கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் ஃபைலாக மட்டுமே சேமிக்கும். ஜேபெக் வேண்டுமென்றால் ஃபைல் மெனுவில் ‘எக்ஸ்போர்ட் அஸ்’ (கண்ட்ரோல், ஷிஃப்ட், ஈ), பெயரின் கடைசியில் ஜேபெக் எக்ஸ்டென்ஷன், குவாலிட்டி 90க்கு மேல். வேலை முடிந்தது. 1,999 கட்டியவருக்கு வருவதும் இந்த மெனுவைக் காட்டும் வீடியோதான்!

அடுத்து விற்பது ‘ரா பேக்’. கேமராவின் ரா ஃபைலை (சென்சார் பதிந்த, இன்னும் பதப்படுத்தாத அசல் தரவு) கிம்ப் தானாகத் திறக்காது என்பது உண்மை. அதற்கு டார்க்டேபிள், ராதெரபி என்ற ரா சாஃப்ட்வேர்களில் ஒன்று வேண்டும், இரண்டும் இலவசம். 2.10 முதல், டார்க்டேபிள் கம்ப்யூட்டரில் இருந்தால் கிம்ப்பில் ரா ஃபைலைத் திறக்கும்போது அது தானே வந்து நிற்கும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸை அங்கே சரிசெய்து மூடினால் படம் கிம்ப்புக்கு வந்துவிடும்.

பணம் போனதைவிட மோசம், 2.8இல் சொல்லிக்கொடுப்பதால் படங்கள் கெடுவது. 2.8 ஒரு சேனலுக்கு 8 பிட் மட்டுமே கையாளும். அதாவது கருமையிலிருந்து வெண்மைவரை 256 படிகள். 14 பிட் ராவில் இருப்பது 16,384 படிகள். 16 பிட் டிஃப் வகைப் படத்தைக் கொடுத்தாலும் உள்ளே வரும்போதே 8க்குச் சுருங்கிவிடும். அதன்மேல் வெளிச்சத்தை மாற்றும் கர்வ்ஸை இழுத்தால், எந்த வெளிச்சத்தில் எத்தனை புள்ளிகள் என்று காட்டும் ஹிஸ்டோகிராமில் பல் உதிர்ந்த சீப்பு மாதிரி இடைவெளி விழும். மாலை வானத்தில் பட்டை பட்டையாகத் தெரிவது அதனால்தான். ‘உங்கள் கேமரா சரியில்லை’ என்று வகுப்பில் சொல்வதை நம்பி லென்ஸ் வாங்கப் போகாதீர்கள். 8 பிட்டுக்குச் சுருங்கிய படத்தைப் பிறகு 16க்கு மாற்றினாலும் போனது திரும்பாது. அசல் ராவிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும்.

சரி, எங்கே இறக்குவது? கிம்ப் டாட் ஓஆர்ஜி என்ற முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரத்தைத் தொடவே வேண்டாம். 2022இல் கூகுள் விளம்பரம் ஒன்று கிம்ப்பின் அசல் முகவரியைக் காட்டி, அதே தோற்றமுள்ள போலித் தளத்துக்குக் கொண்டுபோனது. அங்கே கிடைத்தது பாஸ்வேர்டு திருடும் வைரஸ். சில எம்பி அளவுள்ள ஃபைலை வெற்றுத் தரவால் 700 எம்பிக்கு ஊதி வைத்திருந்தார்கள், அசல் இன்ஸ்டாலர் போலத் தெரியவும் ஆன்ட்டிவைரஸை ஏய்க்கவும். இறக்கியதும் பவர்ஷெல்லில் ‘கெட்-ஃபைல்ஹாஷ்’ கட்டளை கொடுத்து, வரும் ஷா-256 எண்ணை (ஃபைலின் கைரேகை மாதிரி) தளத்தில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் டெலீட்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? முதலில் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த மேண்டேட்டை (ஒப்புதலை) ரத்து செய்யுங்கள். வகுப்பை விட்டு வெளியேறினாலும் அது நிற்காது. மாதாமாதம் பின் நம்பர் கேட்காமலே பணம் போகும். பிறகு சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பரிவர்த்தனை எண், ‘ப்ரோ எடுங்கள்’ என்ற சாட், அபவுட் திரையின் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் கையில் இருக்கட்டும். சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

அந்த இன்ஸ்டாலரில் வேறு என்ன சேர்த்தார்கள் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதை நீக்கி முழு ஸ்கேன் ஓட்டுங்கள். மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். இதுவரை சேமித்த எக்ஸ்சிஎஃப் ஃபைல்களை மட்டும் அழித்துவிடாதீர்கள், 3.0இல் அவை திறக்கும்.