துறை வழக்கும் ரிட்டும் நடத்துகிறவர்களுக்கு இ-கோர்ட்ஸ் செயலி எப்படி?

உச்ச நீதிமன்ற மின்குழுவின் (இ-கமிட்டி) இந்த இலவசச் செயலியைப் பெரும்பாலான வக்கீல்கள் வாய்தா தேதி பார்க்க மட்டும்தான் வைத்திருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு, மருந்துக் கட்டுப்பாடு போன்ற துறைகள் தொடுக்கும் குற்ற வழக்குகளையும், அரசை எதிர்த்த ரிட் மனுக்களையும் நடத்துகிறவர்களுக்கு இதில் இன்னும் சரக்கு இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாத இடமும் இருக்கிறது.

ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் சி.என்.ஆர். எண் தெரிந்தால் வேலை சுலபம். எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 16. நடுவில் கோடோ இடைவெளியோ கூடாது. முதல் 6 எந்த நீதிமன்றம் என்று காட்டும், அடுத்த 6 வரிசை எண், கடைசி 4 ஆண்டைக் குறிக்கும். அது இல்லாமல் வழக்கு எண் போட்டுத் தேடும்போதுதான் ரிட்டில் தவறு நடக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மதுரையிலும் அமர்வு உண்டு. இரண்டுக்கும் வரிசை எண் தனித்தனி. மனு எண்ணில் மதுரையைக் குறிக்கும் எம்.டி. என்று இருப்பதைக் கவனிக்காமல் சென்னையைத் தேர்ந்தெடுத்தால் யாருடைய மனுவோ திரையில் வந்து நிற்கும்.

துறை வழக்குகளுக்கு எஃப்.ஐ.ஆர். எண் தேடல் உதவாது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் நேராகக் குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் புகார் மனு கொடுக்கிறார். போலீஸ் ஸ்டேஷன் நடுவில் வராது. சட்டத்தின் பெயரை வைத்துத் தேடுங்கள். அதே நீதிமன்றத்தில் அதே சட்டத்தில் நிலுவையில் உள்ள மற்ற வழக்குகள் எந்தக் கட்டத்தில் நிற்கின்றன என்று பார்க்க அருமையான வழி இது. ஆனால் சட்டத்தின் பெயர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பதிவாகியிருக்காது. முழுப் பெயருக்கு ஒன்றும் வராவிட்டால் ஒரு சொல்லை மட்டும் போட்டுப் பாருங்கள்.

நிதானமாகப் பார்க்க வேண்டியது, தாக்கல் தேதியும் பதிவுத் தேதியும் அடுத்தடுத்து வரும் அந்த இரண்டு வரிகளை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, 77-ஆம் பிரிவின்படி குற்றம் நடந்த நாளிலிருந்து காலவரம்பு 1 ஆண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையர் காரணத்தை எழுதி அனுமதித்தால் 3 ஆண்டு வரை போகலாம். உணவுப் பகுப்பாய்வாளர் அறிக்கைக்கு 14 நாள், அதன்மேல் முறையீட்டுக்கு 30 நாள், பிறகு வழக்குத் தொடர அனுமதி என்று நாள் ஓடிவிடும். குற்றம் நடந்த 11-ஆவது மாதம் புகார் தாக்கலாகி, 13-ஆவது மாதம்தான் அது பதிவாகி வழக்கு எண் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். பதிவுத் தேதியை மட்டும் பார்த்து, காலம் கடந்துவிட்டது என்று வழக்கை ரத்து செய்யக் கேட்டு மனு போட்டால் நிற்காது. குற்ற வழக்கின் காலவரம்புக்குப் புகார் தாக்கலான நாளே கணக்கு என்று 2013-இல் சாரா மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்த்துச் சொல்லிவிட்டது.

அந்தத் தாக்கல் தேதியும் அலுவலகத்தில் யாரோ தட்டச்சு செய்ததுதான். குறைக்காகத் திருப்பப்பட்டு மறுபடி கொடுத்த புகார் என்றால் எந்த நாளை ஏற்றியிருக்கிறார்கள் என்று திரையை வைத்துச் சொல்ல முடியாது. புகாரின் மேல் உள்ள நீதிமன்ற முத்திரையைப் பாருங்கள். சான்றிட்ட நகலுக்கும் மனுப் போடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக் காலவரம்பு வாதம் செய்ய வேண்டாம்.

வழக்கு வரலாற்றில் வாய்தா தேதியைத் தொட்டால், பதிவேற்றியிருக்கும் வரை, அன்றைய நடவடிக்கை திறக்கும். எதிர்த்தரப்பு எத்தனை முறை அவகாசம் வாங்கியது என்று எண்ணிச் சொல்ல இது போதும்.

சேமித்த வழக்குகளெல்லாம் போனில்தான் இருக்கின்றன. செயலியை நீக்கும் முன், போனை மாற்றும் முன், எக்ஸ்போர்ட் செய்து கோப்பை வேறிடத்தில் வைத்துவிடுங்கள்.